தூது காட்டிய பெயர்

பதினெட்டு லட்சத்து அறுபத்து நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். தங்கபுஷ்பம் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி அவ்வளவு. விமானம் ஓட்டப் பழக்கிவிட்ட செலவு என்று கம்பெனி அவள் தலையில் எழுதியது. பத்து வருஷம் அங்கேயே ஓட்டினால் கழிந்துவிடும், நடுவில் போனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கீழே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பேச்சு. நாலு வருஷம் ஓட்டியிருந்தாள். ஜாமீனாக அனகாபுத்தூர் வீட்டுப் பத்திரம் போயிருந்தது. அவள் புருஷன் சுடலைமுத்து தண்ணி லாரி ஓட்டிக் கட்டின வீடு அது. மாடிக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் எழும்பவில்லை.

அந்தக் கார்த்திகையில் கம்பெனி புது ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. விமானி அறையில் இரண்டு ஆசனம் உண்டு. இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் துணை விமானி. இனி வலது பக்கத்துக்கு ஆள் வேண்டாம், அந்த வேலையை இயந்திரம் பார்க்கும் என்றது கம்பெனி. கேப்டன்கள் கால்வாசிச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துத் தனியாக ஓட்ட வேண்டும். துணை விமானிகள் தரையில் ஓர் அறையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஆறு விமானத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பாதிச் சம்பளத்துக்கு. மொத்தம் நூற்றிருபது விமானிகள். எண்பது பேர் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் எல்லார் தலையிலும் விழும். போட்டவர்களுக்குப் பழக்கிவிட்ட கடன் தள்ளுபடி. போடாமல் நிற்கிற துணை விமானிக்கு வேலையும் போகும், கடனும் அன்றைக்கே கட்ட வேண்டும்.

முன்னாலெல்லாம் இப்படி ஏதாவது வந்தால் சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு மேசை போட்டுப் பேசுவார்கள். இந்தத் தடவை மேசையும் இல்லை, காப்பியும் இல்லை. தூது வந்தது. கம்பெனி ஒவ்வொருத்தர் போனிலும் ஏற்றிவிட்ட ஒரு பேசும் செயலி. அதுதான் பேரம் பேசும். ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாது, சொன்னால் தள்ளுபடி ரத்து என்பது அதன் முதல் வரி.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. விமானிகள் கூடும் அறையில் தங்கபுஷ்பம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தூது பேசியது. பொம்பளைக் குரல். கோயம்புத்தூர்ப் பக்கத்து இழுவை.

"தங்கபுஷ்பம்ங்க, இதுவரைக்கும் எழுபத்தோரு பேர் சம்மதிச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் அதுல இருக்காருங்க. பார்க்கறீங்களா?"

பார்த்தாள். திரையில் ஒரே ஒரு பெயர். கேப்டன் வேதமாணிக்கம்.

நாகர்கோவில் மனுஷர். மூணு வருஷமாக இருவரும் சேர்ந்து பறக்கிறார்கள். அவர் வீட்டு இட்லிப்பொடியில் பாதி இவளுக்கு. மேலே பறக்கும்போது கேப்டன், கீழே இறங்கினால் அண்ணாச்சி. அவர் போட்ட கையெழுத்து என்றால் அது இவள் ஆசனத்தைக் கழற்றி வெளியே எறிந்த கையெழுத்து. இவள் எழும்பிய பிறகு அந்த இடத்தில் ஒரு பெட்டியை உட்கார வைத்துக்கொண்டு அவர் பறப்பார்.

அன்றைக்கு அவரோடுதான் மதுரைக்கு ஓட்டம். விமானத்துக்குக் கொண்டுபோகிற வேனில் வேதமாணிக்கம் இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் சட்டைப் பையில் போட்டார்.

"யாரையும் நம்ப முடியலை புள்ளே," என்றார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

குற்றமுள்ள நெஞ்சு, தானே பேசுகிறது என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொண்டாள். "ஆமா அண்ணாச்சி, ரொம்பச் சரி," என்றாள். குரலில் முள் இருந்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மேலே போனால் மனம்விட்டுப் பேச முடியாது. அங்கே மூச்சு விட்டாலும் பதிவாகும். பட்டியலை ஒருத்தர் வாசிக்க மற்றவர் பதில் சொல்லுகிற பேச்சு மட்டும்தான்.

அந்த ஓட்டத்தில் விமானத்தை ஓட்டுகிற முறை அவளுடையது. திருச்சி தாண்டியதும் மழை மேகத்துக்குள் புகுந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவர். கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பு, விமானம் இடது பக்கம் சாய்கிறது என்று அடித்துச் சொன்னது. காது சொன்னது, இடுப்பு சொன்னது. எதிரே இருந்த கருவியோ, நேராகத்தான் போகிறாய் என்றது. இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லி வைப்பது ஒன்றுதான். மேகத்துக்குள் உடம்பு பொய் சொல்லும், கருவியை நம்பு. உடம்பை நம்பினவர்கள் மலையில் போய் மோதியிருக்கிறார்கள். அவள் கருவியை நம்பினாள். மேகத்தை விட்டு வெளியே வந்தபோது விமானம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

மதுரையில் இறங்கியதும் வேதமாணிக்கம் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"சாப்பிடு. காலையில இருந்து மொகம் செத்துக் கெடக்கு."

"பசிக்கலை, கேப்டன்."

கீழே நின்றுகொண்டு கேப்டன் என்றாள். அவர் டப்பாவை மூடிவிட்டார்.

தங்கபுஷ்பம் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். மூணு வருஷப் பழக்கம் அந்த மனுஷர் அப்படிச் செய்ய மாட்டார் என்றது. திரை, செய்துவிட்டார் என்றது. சற்று முன்னால் மேகத்துக்குள் எதை நம்பினாளோ அதையே இப்போதும் நம்பினாள். போனை எடுத்துக் கையெழுத்துக்கான கட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "நன்றிங்க," என்றது தூது. கடன் என்று இருந்த இடத்தில் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சுடலைமுத்து லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுக் குழாயை மூடினான்.

"வீடு தப்பிச்சுதுன்னு சொல்லு."

"தப்பிச்சுது."

"பொறவு ஏன் எழவு விழுந்த மாதிரி நிக்கே? வேதமாணிக்கத்துக்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா தள்ளுபடி ரத்தாயிரும்."

"அப்படிப்பட்ட தள்ளுபடியை எவன் தருவான்? வாயைக் கட்டிட்டுல்லா தாரான். எனக்கு என்னமோ இது சரியாப் படலை."

"உங்களுக்கு எதுதான் சரியாப் பட்டிருக்கு?"

"உன்னைக் கட்டினது ஒண்ணு," என்று சொல்லிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம். செய்தி போனில் வரவில்லை. சங்கச் செயலாளர் கேப்டன் ஜபருல்லா திரிசூலம் டீக்கடை வாசலில் இரண்டு நாள் நின்று, வந்தவர் போனவர் கையில் துண்டுச் சீட்டு கொடுத்தார். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மண்டப வாசலில் ஒரு சாம்பார் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பட்டையைக் கழட்டி இதுல போடு. போன் கையிலயே இருக்கட்டும், அணைச்சு வை."

பட்டை என்றால் மணிக்கட்டில் கட்டியிருப்பது. விமானி களைத்துப்போய் ஓட்டக் கூடாது என்று நாடித் துடிப்பையும் தூக்கத்தையும் கணக்கெடுக்கக் கம்பெனி மாட்டிவிட்டது. குளிக்கும்போது மட்டும் கழற்றலாம்.

"பாய், கம்பெனிக்குத் தெரிஞ்சிடாதா?" என்றார் ஒருவர்.

"இன்னைக்கு ஊர்ல இருக்கிற எண்பத்தாறு பேரும் ஒரே நேரத்துல குளிக்கிறானுங்கன்னு நெனைச்சுக்கட்டும். நீயும் ஒரு நாள் குளிச்ச பேரு கெடைக்கட்டும், போடு."

உள்ளே யாரும் யார் பக்கத்திலும் உட்காரவில்லை. கல்யாணத்துக்கு வந்த சண்டைக்காரப் பங்காளிகள் மாதிரி இரண்டு நாற்காலி விட்டு ஒருத்தர் இருந்தார்கள். வேதமாணிக்கம் தூணோரம். தங்கபுஷ்பம் கடைசி வரிசை. பாய் மேடை ஏறியதுமே ஒரு குரல் வந்தது.

"நீ மொதல்ல சொல்லு பாய், எவ்வளவுக்குப் போட்டே?"

பாய் முகம் கறுத்தது. "நான் போட்டேனா? இருபத்தாறு வருஷமா சங்கத்துல இருக்கேன். போட்டேன்னு எவன் சொன்னான்?"

"சொல்றதுக்கு ஆளு வேணுமா? தெரியும்."

"தெரியும்னா எப்பிடித் தெரியும்? சொல்றா!"

அவன் சொல்லவில்லை. சொன்னால் தூது கொடுத்த சலுகை போய்விடும். மண்டபமே வாயை மூடிக்கொண்டு பாயைப் பார்த்தது. பாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். அந்தக் கண்ணிலும் சந்தேகம் இருந்தது. இப்படியே இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சங்கம் அங்கேயே கலைந்திருக்கும், கம்பெனிக்கு ஒரு வேலையும் மிச்சம் இருந்திருக்காது.

தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். எழ வேண்டும் என்று நினைத்து அவள் அங்கே வரவில்லை. அந்த மௌனம் தாங்கவில்லை.

"நான் போட்டேன் பாய்," என்றாள். "திங்கட்கிழமை. மதுரையில வச்சு."

நாற்காலிகள் திரும்பின. வேதமாணிக்கம் தூணை விட்டு எழுந்தார்.

"என் பேரு யார் யார் போன்ல வந்துச்சு?" என்றாள். "வைய வேண்டியவங்க என்னை நேரா வைஞ்சிருங்க."

ஒரு கைகூட எழவில்லை. மறைக்கிற முகம் மாதிரியும் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் பேரு யாருக்கும் வரலையே," என்றார் வேதமாணிக்கம் மெதுவாக.

"எனக்கு உங்க பேருதான் வந்துச்சு அண்ணாச்சி. நீங்க போட்டதுக்குப் பொறவுதான் நான் போட்டேன்."

"நான் எங்கட்டி போட்டேன்!" மண்டபம் அதிரக் கத்தினார். "எனக்கு பாய் பேரைல்லா காட்டிச்சு! பாயே போயிட்டாரேன்னு மூணு ராத்திரி உறக்கம் இல்ல. அதைத்தான் வேன்ல வச்சு உன்கிட்ட..." பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

பாய் மேடையை விட்டுக் கீழே இறங்கினார். கோபம் போய் முகம் வேலைக்கு வந்திருந்தது.

"ஒரே விமானத்துல ரெண்டு உயரமானி ரெண்டு விதமாக் காட்டினா என்ன பண்ணுவோம்?"

"மூணாவதைப் பார்ப்போம்," என்றார்கள் நாலைந்து பேர்.

"பார்ப்போம். போனைப் போடுங்க. எத்தனை பேரு சம்மதம்னு காட்டுது? சத்தமா வாசி. தள்ளுபடி போச்சுன்னா போவட்டும்."

"எழுபத்தெட்டு." "அறுபத்தி மூணு." "எனக்கு எழுபத்தொம்பது பாய், நான் போட்டா முடிஞ்சுதாம்." "எனக்கும் எழுபத்தொம்பதுதான்!" யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்துப் பாய் பட்டியலை எடுத்தார். விமானம் கிளம்புமுன் வாசிக்கிற மாதிரி பெயரை வாசித்தார். வாசிக்கப்பட்டவர் எழுந்து இரண்டு பதில் சொன்னார். போட்டேனா, யார் பெயர் வந்தது. புருஷன் பெயர் வந்தவள் ஒருத்தி இருந்தாள். இருவரும் ஒரே கம்பெனியில் ஓட்டுகிறவர்கள், ஒரே வீட்டில் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். எண்பத்தாறு பெயரும் முடிந்தபோது, போட்டேன் என்று சொன்னவள் தங்கபுஷ்பம் மட்டும்தான். இரண்டு பேர் மட்டும் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தார்கள். அதை எல்லாரும் கவனித்தார்கள், யாரும் கேட்கவில்லை.

"இது எப்படிம்மா?" என்று பாய் ரெஜினாவைக் கேட்டார். துணை விமானி. இதற்கு வருமுன் கணிப்பொறி வேலை பார்த்தவள்.

ரெஜினா சாம்பார் வாளியைக் காட்டினாள். "அதுல கிடக்கே பட்டை, அது தூக்கத்தை மட்டும் அளக்கலை பாய். யார் பக்கத்துல இருக்கும்போது நம்ம நாடி அமைதியா இருக்குன்னும் அதுக்குத் தெரியும். அந்த ஆளு பேரைக் காட்டினா நாம ஒடிவோம். அவ்வளவுதான். கீழே பொடி எழுத்துல 'இது முன்கணிப்பு'ன்னு போட்டிருக்கான், கேஸ் போட்டாலும் நிக்காது. நாமளும் கண்ணால பார்த்ததும் நம்பிட்டோம். வேற தொழில்காரனா இருந்தா நேராப் போய் சட்டையைப் பிடிச்சிருப்பான். நமக்குத் திரைன்னா வேதவாக்கு."

"அப்போ என் பேரை ஏன் யாருக்கும் காட்டலை?" என்றாள் தங்கபுஷ்பம். கேட்ட பிறகுதான் பதில் அவளுக்கே விளங்கியது. நான் போய்விட்டேன் என்று கேட்டு ஒடிகிறவர் இந்த நூற்றிருபது பேரில் ஒருத்தர்கூட இல்லை. மூணு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவருக்கும் அவளை விடப் பாய்தான் பெரிசு. ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். வேதமாணிக்கம் மேல்கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்தைத் திரும்ப வாங்க ஒரு வழி இருந்தது. போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் முழுக் கடனையும் கட்டிவிட்டால் வாங்கலாம்.

"விட்டுருங்க பாய்," என்றாள். "ஒருத்தி கையெழுத்துல ஒண்ணும் ஆயிராது. நான் தரையில போய் உக்காந்துக்கிடுதேன்."

"உனக்காகச் சொல்லலை," என்றார் பாய். "இப்போ அவன்கிட்ட நெசமா இருக்கிறது உன் ஒரு கையெழுத்துதான். அதைக் காட்டித்தான் அடுத்தவனைப் பிடிப்பான். அதை எடுத்துட்டா அவன் கையில வெறும் பொய்தான் இருக்கும். பையைச் சுத்துங்கடா."

இந்த விமானிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. உடம்புச் சோதனையில் தேறாமல் ஒருத்தர் பறக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால், ஒரு கறுப்புப் பையைச் சுற்றி விடுவார்கள். எல்லாரும் மூடின கையை உள்ளே விட வேண்டும், திறந்த கையை வெளியே எடுக்க வேண்டும். ஒன்றும் இல்லாதவரும் விடுவார், அள்ளிக் கொடுப்பவரும் விடுவார். யார் எவ்வளவு என்று யாரும் பேசக் கூடாது. மண்டபத்தில் சுற்றின பை பிறகு சங்க அறையில் திங்கட்கிழமை காலை வரை இருந்தது. வெளியூர் ஓட்டத்தில் இருந்து திரும்பியவர்களும் வந்து கையை விட்டார்கள். வேதமாணிக்கம் இரண்டு தடவை போனார் என்று சுடலைமுத்துவுக்கு எங்கேயோ காற்றுவாக்கில் தெரிந்தது. அவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அவனும் லாரியை வெளியே நிறுத்திவிட்டு ஒரு தடவை கையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

ஏழாம் நாள், திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கம்பெனிக் கணக்குப் பிரிவில் மூன்று பேர் நின்றார்கள். தங்கபுஷ்பம், வேதமாணிக்கம், ரெஜினா. பணத்தைச் சங்கக் கணக்கில் கட்டி ஒரே வங்கி வரைவோலையாக எடுத்திருந்தார்கள். கவுன்ட்டரில் பத்மாசனி என்ற அம்மாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ஓலையைப் பார்த்தாள், ஆட்களைப் பார்த்தாள்.

"பணம் யாரு குடுத்ததுன்னு பேரு போடணும்மா. கம்ப்யூட்டர் ஒவ்வொருத்தர் பேரும் கேக்குது."

"யாருன்னு எனக்குத் தெரியாதும்மா," என்றாள் தங்கபுஷ்பம்.

"தெரியாதுன்னா இது தாண்டி நகராது."

"சங்கம்னு போடுங்க," என்றார் வேதமாணிக்கம்.

பத்மாசனி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "எங்களுக்கும் அடுத்த மாசம் தூது வருதாமே. நெசமா?"

"வந்தா ஒண்ணு செய்யுங்க. பக்கத்து சீட்டு அம்மாகிட்ட நேராக் கேளுங்க," என்றாள் ரெஜினா.

பத்மாசனி 'சங்கம்' என்று தட்டினாள். கணிப்பொறி கொஞ்ச நேரம் யோசித்தது.

அந்த நேரத்தில் வேதமாணிக்கத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கூடவே ரெஜினாவின் கையிலும். வெளியே நடைபாதையில் நின்ற இன்னும் சில விமானிகள் பையைத் தடவுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வேதமாணிக்கம் எடுத்துப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் மாறியது. பக்கத்திலேயே நின்றும், எல்லாம் தெரிந்தும், மாறியது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள்.

"யாரு பேரு அண்ணாச்சி?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். இதுவரை எழுபத்தொன்பது பேர். உங்களுக்குத் தெரிந்த ஒருவர்: தங்கபுஷ்பம்.

ரெஜினாவின் போனிலும் அதே பெயர். வெளியே நின்றவர்கள் கண்ணாடி வழியே இவளைத்தான் பார்த்தார்கள்.

அவள் தன் பெயரை இன்னொரு தடவை வாசித்தாள். உள்ளே எழும்பியது கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. போன வாரம் ஒருவரையும் ஒடிக்காத பெயர், இன்றைக்கு ஒடிக்கும் என்று தூது கணக்குப் போட்டிருக்கிறது.

"மறுபடி போட்டியா புள்ளே?" என்றார் வேதமாணிக்கம். நேராக, கண்ணைப் பார்த்து.

"இல்லை அண்ணாச்சி."

"சரி." போனை அணைத்துப் பையில் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "உள்ளே வந்து கேளுங்கப்பா, இங்கதான் நிக்கா!" என்று கத்தினார்.

கதவு திறந்தது. ஒவ்வொருத்தராக உள்ளே வர ஆரம்பித்தார்கள். பத்மாசனி ரசீதை இழுத்துக் கிழித்தாள், முத்திரையை ஓங்கிக் குத்தினாள், அவர்கள் தலைக்கு மேலாக நீட்டினாள்.

"இந்தாம்மா. கையெழுத்து வாபஸ். பாக்கி ஒண்ணும் இல்லை."